ஏர் ரைஃபிளின் குட்டி உதிரிகளில் அடையாளம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே மாடல் ஏர் ரைஃபிள் நான்கைந்தை ஒரே மேசையில் பிரித்துப் போட்டால் எந்த பின் (pin) எதனுடையது என்று நிச்சயம் குழம்பும். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும், ஒன்றோடொன்று தேய்ந்து பழகிய பாகங்களை இடம் மாற்றினால் ட்ரிக்கரின் இழுப்பே மாறிவிடும். அதனால் அடையாளம் தேவைதான். ஆனால் பெங்களூரில் சர்வீஸுக்கு வரும் சில ரைஃபிள்களைத் திறந்தால், போட்ட அடையாளம்தான் கோளாறே.

பெரிய தப்பு, எண் பொறிக்கும் எஃகு அச்சான பஞ்சை (punch) வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போடுவது. ட்ரிக்கர் விடுவிக்கும்வரை பிடித்து நிற்கிற சியர் நன்றாகப் பதம் ஏற்றியது. பஞ்சின் முனைதான் உதிரும். பதிந்தாலும் குழியைச் சுற்றி உலோகம் லேசாக எழும்பும். கண்ணுக்குத் தெரியாது, நகத்தால் வருடினால் தட்டும். உராயும் முகத்தில் அந்தப் பிசிறு இருந்தால் இழுப்பு சீராக இருக்காது. ஸ்பிரிங்கில் கீறவே கூடாது. அழுந்தி விரியும் ஒவ்வொரு முறையும் விசை அங்கே குவிந்து, அங்கிருந்தே விரிசல் விடும்.

சரி, உப்புக் கரைசலும் மின்சாரமும் கொண்டு எண்ணை அரித்துப் பதிக்கும் எட்சிங் செய்யலாமே? செய்யலாம், உராயாத பக்கத்தில். ஆனால் உப்புக் கரைசலைச் சரியாகக் கழுவாமல், எண்ணெய் தடவாமல் விட்டால் மழை மாதங்களில் எண்ணோடு துருவும் சேர்ந்து வரும். பீன்யா தொழிற்பேட்டைப் பக்கம் லேசர் மார்க்கிங்குக்குக் கொடுத்தாலும் கவனம் வேண்டும். சூடு அதிகமானால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்கூட அந்த இடத்தில் துருப்பிடிக்கும்.

மார்க்கர் பேனா எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டாது. அடுத்த கழுவலில் போய்விடும். அதைவிட நெயில் பாலிஷ் மேல். பிசுக்கைத் துடைத்துவிட்டு முதல் ரைஃபிளுக்குச் சிவப்பு, அடுத்ததற்கு நீலம் என்று ஒரு பொட்டு வைத்தால் போதும். தின்னர் மட்டும் படக்கூடாது. (வீட்டில் கேட்டு எடுங்கள்.)

உருண்டையான உதிரியில் 6 எது, 9 எது? எண்ணின் கீழ் ஒரு கோடு இழுக்காவிட்டால் யாருக்கும் தெரியாது.

இரண்டு மில்லிமீட்டர் பின்னில் எதுவுமே எழுத வேண்டாம். மாத்திரை டப்பாவின் அறைகளுக்கு எண் போட்டு அதில் வையுங்கள்.

உரிமம் வாங்கிய துப்பாக்கி என்றால் கம்பெனி பொறித்த எண்ணின் பக்கமே போகாதீர்கள். அதை அழிப்பதும் மாற்றுவதும் 1959 ஆயுதச் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி தடை. "துருவைத் தேய்த்தேன், எண்ணும் போய்விட்டது" என்று போலீஸிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.