கடல் நடுவே நல்ல காபி, நல்ல தேநீர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற சுற்றுலாக் கப்பல் பயணத்தின் இரண்டாம் நாள் காலை. மேல்தளத்து பஃபேயில் எனக்கு முன்னால் நின்ற பெண் குழாயைத் திருகிக் கோப்பை நிறைய வெந்நீர் பிடித்தார். சர்க்கரை எடுத்தார், தட்டில் ரொட்டி வைத்தார், சன்னலோரத்தில் இடம் தேடி அமர்ந்தார். அதன் பிறகுதான் தேயிலைப் பையின் உறையைப் பிரித்து நீருக்குள் விட்டார். நிறம் இறங்கவே மறுத்தது. ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தவர், "கப்பல் தேநீரே இப்படித்தான் போலிருக்கிறது" என்று கணவரிடம் சொன்னார்.

என் முதல் கப்பல் பயணத்தில் பத்து நாளும் நான் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் அது. எனக்குக் காபி, என் மனைவிக்குத் தேநீர். இருவரும் சேர்ந்து இதுவரை ஒன்பது பயணங்கள் போய்விட்டோம். புதிதாக வருகிறவர்கள் நாங்கள் தடுக்கி விழுந்த அதே இடங்களில் விழுவதைப் பார்க்கும்போது பேசாமல் இருக்க முடியவில்லை. கூட்ட நேரத்தைத் தவிருங்கள், விலைப்பட்டியலைப் படியுங்கள் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. அவை முதல் நாளே தாமாகப் புரிந்துவிடும்.

பஃபே காபியை வைத்துக் கப்பலை எடைபோடுவது

பொத்தானை அழுத்திய சில நொடிகளில் கோப்பை நிறைகிறதே, அது பல கப்பல்களில் அப்போது வடித்த காபி அல்ல. ஆலையில் முன்பே தயாரித்துப் பையில் அடைத்து வந்த கெட்டிக் காபிச்சாறு. இயந்திரம் அதில் வெந்நீரைக் கலந்து தருகிறது, அவ்வளவுதான். காலை எட்டு மணிக்கு ஆயிரக்கணக்கானோர் ஒரே சமயத்தில் கோப்பையை நீட்டும் இடத்தில் வேறு வழி எளிதல்ல என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தச் சுவையைக் கப்பல் முழுவதற்கும் உரியதாக நினைத்துக்கொண்டு, ஒரு வாரம் முகம் சுளித்தபடியே குடிக்கிறார்கள் பாருங்கள், அதுதான் வருத்தம்.

ஒரே கப்பலில் மூன்று நான்கு விதமான காபி கிடைக்கும். பெரிய உணவுக்கூடத்தில் ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்து ஊற்றுவது ஒன்று. தனிக்கட்டண உணவகங்களில் பெரும்பாலும், வெந்நீரை அழுத்திக் கெட்டிக் காபி இறக்கும் எஸ்பிரெஸோ இயந்திரம் இருக்கும். நடுக்கூடத்துக் காபி பாரில் கொட்டையை அப்போதே அரைத்துப் போடுவார்கள். ஏறிய நாள் பிற்பகலில் எல்லோரும் நீச்சல்குளத்தைத் தேடிப் போகும்போது இந்த இடங்களை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். "இது வடித்த காபியா, இயந்திரக் கலவையா?" என்று கேளுங்கள். எந்தப் பணியாளரும் இந்தக் கேள்விக்காக முகம் கோணி நான் பார்த்ததில்லை.

காபிக்காகப் பானப் பேக்கேஜ் வாங்குவது

நாளுக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கட்டிவிட்டு, அதில் அடங்கிய பானங்களைக் கப்புக்குக் கப்பு காசு கொடுக்காமல் குடிக்கும் திட்டம்தான் பானப் பேக்கேஜ். இதைப் பற்றி நிறையவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆண்டுகள் பல ஆகியும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

முதல் பயணத்தில் கப்பலுக்குள் காலடி வைத்த அரை மணி நேரத்துக்குள், லிப்ட் அருகே மேசை போட்டு நின்ற விற்பனையாளர் எங்களை நிறுத்தினார். "எல்லாப் பானங்களும் அடக்கம், சிறப்புக் காபியும் அடக்கம்" என்றார். நாங்கள் இருவருமே மது அருந்துவதில்லை. ஆனால் காபி என்ற சொல் காதில் விழுந்ததும் மற்றதெல்லாம் எனக்கு மறைந்துவிட்டது. ஒரே அறையில் தங்கும் பெரியவர்களில் ஒருவர் மதுவும் சேர்ந்த பேக்கேஜை வாங்கினால் மற்றவரும் வாங்கியாக வேண்டும் என்றார். பல நிறுவனங்களில் இந்த விதி உண்டு. சரி என்று இருவருக்கும் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு நடந்ததைப் பணத்தில் சொல்வதைவிடக் கப்பில் சொன்னால்தான் உறைக்கும். ஒருவருக்கு ஒரு நாள் பேக்கேஜின் விலை, காபி பாரில் 14 கப் காபியின் விலைக்குச் சமம். இருவருக்கும் சேர்த்து நாளுக்கு 28 கப். பத்து நாளுக்கு 280 கப். நான் குடித்தது 23. ஒவ்வொரு முறையும் தந்த ரசீதைச் சட்டைப்பையில் போட்டு வைத்திருந்ததால் கடைசி இரவு எண்ண முடிந்தது. மனைவி குடித்த தேநீர் முழுவதும் பஃபேயில் எல்லோருக்கும் இலவசமாகவே கிடைத்தது. போதாக்குறைக்கு, கப்பலுக்குள் இருந்த பிரபலக் காபிக் கடைக்கு அந்தப் பேக்கேஜ் செல்லாது என்பது மூன்றாம் நாள் கோப்பையைக் கையில் வாங்கிய பிறகுதான் தெரிந்தது. ரத்து செய்யக் கேட்டேன். பயன்படுத்தத் தொடங்கிய பிறகு முடியாது என்றார்கள்.

"நான் மதுவில்லாத சிறிய பேக்கேஜைத்தானே வாங்கப்போகிறேன்" என்று சொல்வோர் உண்டு. அவர்களும் கப்பில் கணக்குப் போடட்டும். ஒரு நாள் விலை 6 கப்புக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். பத்து இரவுப் பயணத்துக்கு 60 கப். ஏறும் நாளில் பாதிப்பொழுது போய்விடும். 2 கப் குடிக்கலாம். துறைமுகத்தில் நிற்கும் நாள்கள் நான்கு என்றால், பகலெல்லாம் ஊர் சுற்றிவிட்டு மாலையில்தான் திரும்புவீர்கள். நாளுக்கு 2 வீதம் 8 கப். இறங்கும் நாள் காலையில் அவசரம்தான் இருக்கும், காபி இருக்காது. மீதி 50 கப்பையும் ஐந்து கடல் நாள்களில் குடித்தாக வேண்டும். நாளுக்குப் பத்து. ஒரு ஷாட் எஸ்பிரெஸோவில், அதாவது இயந்திரம் ஒருமுறை இறக்கும் சிறு அளவில், ஏறக்குறைய 60 மில்லிகிராம் காஃபீன் உண்டு; பால் சேர்த்த காபிகளில் பெரும்பாலும் இரண்டு ஷாட் போடுவார்கள். பத்துக் கப் என்றால் 1,200 மில்லிகிராம். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை பாதுகாப்பானது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்னது. போட்ட பணத்தை எடுக்க அதைப்போல் மூன்று மடங்கு குடிக்க வேண்டும். இந்த வரவுசெலவு எந்த வகையிலும் நேராகாது.

சிறிய பேக்கேஜில் சோடா, பழச்சாறு, தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்ந்திருக்கும். அவற்றையும் தினமும் குடிக்கும் குடும்பத்துக்கு அது சரியாக வரலாம். காபிக்காக மட்டும் என்றால் வேண்டாம். சில நிறுவனங்கள் இத்தனை கப் என்று எண்ணிக் கழிக்கும் முன்பண அட்டை விற்கின்றன. காபி பாரில் கேட்டால்தான் சொல்வார்கள். லிப்ட் அருகே யாரும் அதைக் கூவி விற்பதில்லை. அதுவும் இல்லையென்றால் ஒவ்வொரு கப்பாகக் காசு கொடுத்து வாங்குங்கள். பட்டியல் விலைக்கு மேல் 18 முதல் 20 விழுக்காடு வரை சேவைக்கட்டணம் சேர்வது பல கப்பல்களில் வழக்கம். கப்பின் விலைக்கும் பேக்கேஜ் விலைக்கும் அதைச் சேர்த்த பிறகே ஒப்பிடுங்கள். முதல் இரண்டு நாள் எத்தனை கப் குடிக்கிறீர்கள் என்று குறித்துப் பாருங்கள். இரண்டு நாளுக்கு வாங்கும் சில்லறைக் காபி யாரையும் ஏழையாக்காது.

சென்ற பயணத்திலும் லிப்ட் அருகே அதே மேசை. ஓர் இளம் தம்பதியர் பேனாவைக் கையில் எடுத்துவிட்டார்கள். அழையாமல் நுழைவது சரியல்ல என்று தெரிந்தும் கேட்டேன்: "தம்பி, நீங்கள் மது அருந்துவீர்களா?"

"இல்லை அண்ணா, காபிக்காகத்தான்."

"ஒரு நாளைக்கு எத்தனை காபி?"

"இரண்டு. இவளுக்கு அதுவும் கிடையாது."

பேனாவை அவர் மேசையிலேயே வைத்துவிட்டார். விற்பனையாளர் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

கெட்டிலைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோவது

கப்பல்காரர்கள் அதை வாங்கி வைத்துக்கொள்வார்கள். இறங்கும்போதுதான் திரும்பக் கிடைக்கும்.

கடலில் தீயைவிடப் பெரிய அச்சம் வேறில்லை என்பதால், சூடேற்றும் கம்பியுள்ள எந்தச் சாதனத்தையும் பெரும்பாலான நிறுவனங்கள் அறைக்குள் அனுமதிப்பதில்லை. இதில் வாதாட ஒன்றுமில்லை. அறையிலேயே கெட்டில் வேண்டுமென்றால் கப்பலைத் தேர்ந்தெடுக்கும்போதே யோசியுங்கள். பிரிட்டன் பயணிகளை மனத்தில் வைத்து இயங்கும் பி அண்ட் ஓ குரூசஸ், கியூனார்ட் கப்பல்களில் அவர்களே அறையில் வைத்திருக்கிறார்கள்.

வெந்நீர் பிடித்த பிறகு தேயிலைப் பையைத் தேடுவது

தொடக்கத்தில் சொன்ன அந்தப் பெண்ணின் தவறு இதுதான். கறுப்புத் தேயிலைக்குக் கொதிநிலைக்கு அருகிலுள்ள நீர் வேண்டும், 95 டிகிரியாவது. விமானத்தில் இது நடக்காது; உள்ளே காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 92 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். கப்பலோ கடல் மட்டத்தில் போகிறது. அங்கே தண்ணீர் 100 டிகிரியில்தான் கொதிக்கும். ஆகவே கப்பலில் நல்ல தேநீர் கிடைக்காமல் இருக்க இயற்கையான காரணம் எதுவும் இல்லை.

பஃபே குழாயில் வரும் நீர் கொதித்த நீரல்ல, சூடாக வைக்கப்பட்ட நீர். கனமான பீங்கான் கோப்பை அதிலும் கொஞ்சம் சூட்டைக் குடித்துவிடும். மேசை வரை நடந்தால் இன்னும் கொஞ்சம் போகும். அதற்குப் பிறகு பையைப் போட்டால் சாயம் எப்படி இறங்கும்? முதலில் கோப்பையில் வெந்நீரை ஊற்றிச் சுழற்றிக் கொட்டுங்கள். பையை உள்ளே போட்டபடியே குழாயின் கீழ் நீட்டுங்கள். உடனே ஒரு சிறு தட்டால் மூடி நான்கைந்து நிமிடம் விடுங்கள். மனைவி சொந்தத் தேயிலைப் பைகளையே கொண்டுவருகிறாள். தூள் பொடியாக உள்ளவை சற்றுக் குறைந்த சூட்டிலும் நன்றாகச் சாறு விடும். பச்சைத் தேயிலை குடிப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அதற்கு 70, 80 டிகிரியே போதும்.

இன்னொன்று. வெந்நீரை ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்து வைத்தால் முதலில் முகர்ந்து பாருங்கள். நேற்றுவரை காபி இருந்த ஃபிளாஸ்க் என்றால் தேநீருக்குள் காபி வாடை வந்துவிடும். எவ்வளவு நல்ல தேயிலையும் அதைத் தாங்காது. மாற்றித் தரச் சொல்லலாம், தருவார்கள்.

எல்லாப் பழியையும் தண்ணீர் மேல் போடுவது

கப்பலின் குடிநீரில் ஒரு பகுதி கடல்நீரிலிருந்தே கிடைக்கிறது. ஆவியாக்கியோ சவ்வு வழியே அழுத்தி வடித்தோ உப்பை நீக்கி, தாதுக்கள் சேர்த்து, குளோரின் கலந்து குழாய்க்கு அனுப்புகிறார்கள். மீதியைத் துறைமுகத்தில் ஏற்றிக்கொள்வார்கள். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் சுற்றுலாக் கப்பல்களுக்கு அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் வைத்திருக்கும் விதிப்படி, குழாய்களில் ஓடும் குடிநீரில் எஞ்சும் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையவும் கூடாது, 5 மில்லிகிராமைத் தாண்டவும் கூடாது. இந்த இடைவெளி பெரியது என்பதால் ஒரு நாள் வாடை தெரியும், மறுநாள் தெரியாது. நோய் பரவாமல் காக்கும் குளோரினை நான் குறைசொல்ல மாட்டேன். காபி பார் இயந்திரங்களுக்குப் பெரும்பாலும் வடிகட்டி வழியாகவே தண்ணீர் போகும். கொதிநீரும் அங்கேதான் நல்ல சூட்டில் கிடைக்கும். மனைவி தன் மூடிபோட்ட கோப்பையில் பையைப் போட்டு எடுத்துக்கொண்டு அங்கேதான் போகிறாள். வெறும் வெந்நீருக்கு இதுவரை யாரும் அவளிடம் காசு கேட்டதில்லை.

பால்

கேட்டு வாங்குங்கள். மேசையில் கிடக்கும் சிறு டப்பாவில் இருப்பது பல இடங்களில் பாலே அல்ல.

கண்ணாடி பிரெஞ்சு பிரஸ்

பொடியை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டியை அழுத்திக் காபி எடுக்கும் குடுவை அது. உடையும். காபிப்பொடியும் கையுமாக வருகிறவர்களுக்கு, கையால் அழுத்திக் காபி வடிக்கும் ஏரோபிரஸ் என்ற குழல் இருக்கிறது. ஆலன் ஆட்லர் உருவாக்கி 2005இல் விற்பனைக்கு வந்த அந்தக் குழலில் மின்சாரமும் இல்லை, கண்ணாடியும் இல்லை.

அறைச்சேவை அட்டையை மறப்பது

காலையில் பஃபேக்கு ஓடும் பலருக்கு, கதவில் மாட்டும் காலையுணவு அட்டையை இரவே நிரப்பி வைத்தால் ஃபிளாஸ்க் நிறையக் காபி அறைக்கே வந்துவிடும் என்பது தெரிவதில்லை. பல கப்பல்களில் எளிய காலையுணவு இப்படிக் கட்டணமின்றியே வருகிறது. அட்டையில் இல்லாவிட்டாலும் "இன்னொரு ஃபிளாஸ்க் வெந்நீர், பால் தனியாக" என்று ஓரத்தில் எழுதுங்கள்.

பிற்பகல் தேநீரைத் தவறவிடுவது

கியூனார்டின் குவீன் மேரி 2 கப்பலில் பிற்பகல் மூன்றரை மணிக்குக் குவீன்ஸ் ரூம் என்ற கூடத்தில் வெள்ளைக் கையுறை அணிந்த பணியாளர்கள் தேநீர் ஊற்றுவதைப் பார்த்தால், தேநீருக்கு இவ்வளவு மரியாதையா என்று தோன்றும். மற்றக் கப்பல்கள் பலவற்றிலும் எளிய அளவில் பிற்பகல் தேநீர் உண்டு. பஃபேயில் பைத் தேநீர் குடித்துச் சலித்தவர்கள் அன்றைய நிகழ்ச்சி நிரலில் அந்த நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

தேயிலையோடு கரையிறங்குவது

நியூசிலாந்தில் பையில் தேயிலைப் பொட்டலம் இருந்தால் அறிவித்துவிடுங்கள். உணவுப் பொருளை அறிவிக்காமல் பிடிபட்டால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.

காபி போடுபவரிடம் பேசாமல் இருப்பது

காபி பாரில் நிற்பவர்கள் மாதக்கணக்கில் அதே இயந்திரத்தோடு வாழ்கிறார்கள். அதை எப்போது கழுவுவார்கள், கொட்டைப் பொட்டலம் எப்போது பிரித்தது, எந்த நேரத்தில் நிதானமாகப் போட முடியும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. பெரும்பாலும் பெரிய கோப்பையில் நிறையப் பால் ஊற்றித்தான் தருவார்கள். "இரண்டு ஷாட், சின்னக் கோப்பை, பால் பாதிதான்" என்று முதல் நாள் சொன்னேன். இரண்டாம் நாளும் சொன்னேன். மூன்றாம் நாள் நான் வரிசையில் நிற்கும்போதே அவர் சின்னக் கோப்பையை எடுத்துச் சூடாக்கத் தொடங்கிவிட்டார்.