‘ஆக்சுவலி’யைக் குறைப்பது எப்படி?

ஓஎம்ஆர் ஐடி கம்பெனி நேர்காணலுக்குத் தயாராகிறீர்களா? போனில் 2 நிமிடம் ஆங்கிலத்தில் பேசிப் பதிவுசெய்யுங்கள். திரும்பக் கேட்டு ‘ஆக்சுவலி’, ‘பேசிக்கலி’, ‘லைக்’, ‘யூ நோ’ வரும்போதெல்லாம் ஒரு கோடு போடுங்கள். அதிகம் வந்த ஒன்றை மட்டும் முதல் வாரம் குறிவையுங்கள். நான்கையும் சேர்த்து விரட்டினால் பேச்சே திக்கும்.

இவை பெரும்பாலும் அடுத்து என்ன சொல்வது என்று மனம் தேடும்போது நுழைபவை. அங்கே வாயை மூடி ஒரு நொடி நிறுத்துங்கள். மூடாவிட்டால் ‘ஆக்சுவலி’ போன இடத்தில் ‘ஸோ’ வந்து உட்காரும்.

‘ஐ யாம் இன் கிண்டி ஒன்லி’ வேறு ரகம். அந்த ‘ஒன்லி’ நம்ம ‘தான்’. உள்ளூரில் அழகுதான், வெளிநாட்டு வாடிக்கையாளர் ‘மட்டும்’ என்று எடுத்துக்கொள்வார், அவரிடம் தவிருங்கள். ‘ப்ரோ’ டீக்கடையோடு சரி.