பகுதி சபைக்குப் போகுமுன்: குடியிருப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளில் வார்டு குழுவும் பகுதி சபையும் அமைப்பதற்கான விதிகள் 2022இல் வந்தபிறகு, கிராம சபையைப் போல மக்கள் நேரே கேள்வி கேட்கும் ஓர் இடம் நகரவாசிகளுக்கும் கிடைத்தது. அதன் பயனாகப் பல தெருக்களில் புதிய நலச்சங்கங்கள் தோன்றியிருக்கின்றன. அவை எழுதும் மனுக்கள் அவ்வப்போது என் பார்வைக்கும் வருகின்றன. எங்கள் சங்கம் தொடக்க காலத்தில் எழுதிய மனுக்களே மறுபடியும் தட்டச்சாகி வந்தனவோ என்று தோன்றும் அளவுக்கு அதே பிழைகள் அவற்றில் இருக்கின்றன. கூட்டத்தில் கூச்சலிடுவது, தேதி போடாமல் மனுக் கொடுப்பது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

அலுவலகம் மாறிக் கேட்பது

தெருவில் எழும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் மாமன்ற உறுப்பினரே கையெழுத்திட்டு அனுமதி தந்தார் என்ற நினைப்பு இன்னும் பலருக்கு இருக்கிறது. சென்னைப் பெருநகர்ப் பகுதியில் சிறு வீடுகளுக்கான அனுமதி உள்ளாட்சியிடம் இருந்தாலும், 18.30 மீட்டருக்கு மேல் உயரும் அடுக்குமாடிகளுக்குத் திட்ட அனுமதி வழங்குவது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.தான்; பெருநகர் எல்லைக்கு வெளியே அந்தப் பொறுப்பு நகர் ஊரமைப்பு இயக்ககத்தைச் சேர்ந்தது. ஆகவே பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஏன் வருகிறது என்று கவுன்சிலரிடம் கேட்டால், அது எங்கள் கையில் இல்லை என்று அவர் சொல்வார். அந்தப் பதில் உண்மையானதும்கூட. ஆனால் அந்தக் கட்டடத்தையொட்டிய மழைநீர் வடிகால், லாரிகள் உடைத்த தெருச் சாலை ஆகியவற்றுக்கு உள்ளாட்சிதான் பதில் சொல்லியாக வேண்டும். பகுதி சபையில் கேட்க வேண்டியவை இவைதான்.

"ஏன்" என்று தகவல் கேட்பது

எத்தனை முறை சொன்னாலும் தொடர்ந்து நடக்கும் தவறு இது. இதற்கு ஆகும் விலை பெரிது என்பதால்தான் எனக்கு எரிச்சல் இன்னும் தீரவில்லை.

எங்கள் பகுதிக்கு அடுத்த ஒரு மனைப்பிரிவில், அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தில் உள்ளாட்சி வணிக வளாகம் கட்டப் போவதாக ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு வந்தது. சங்கத்தினர் சுறுசுறுப்பானவர்கள்; அந்த வாரமே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு எழுதி, பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லையும் ஒட்டி அனுப்பிவிட்டார்கள். மனு இரண்டு பக்கம் நீண்டது. பூங்கா இடத்தில் கடைகள் கட்டுவது ஏன், குடியிருப்போரைக் கேட்காதது ஏன், மாற்றிடம் தேடாதது ஏன், மரங்களை வெட்டத் துணிந்தது ஏன் என்று ஒவ்வொரு வரியும் "ஏன்" என்றே முடிந்தது. சட்டம் அனுமதிக்கும் முப்பது நாளும் முடியும் தறுவாயில் ஒற்றைப் பத்தியில் பதில் வந்தது: கேட்கப்பட்டவை சட்டத்தின் 2(எஃப்) பிரிவில் கூறப்படும் தகவல் என்ற வரையறைக்குள் வரவில்லை.

பொதுத் தகவல் அலுவலர் குறும்பு செய்துவிட்டார் என்று சங்கத்தினர் கொதித்தார்கள். சட்டப்படி அவர் சொன்னது சரி. அலுவலகத்தில் ஏற்கெனவே பதிவாகி இருப்பதைத் தரத்தான் இச்சட்டம் கட்டளையிடுகிறது. புதிதாகக் காரணம் கற்பித்து விளக்கம் எழுதித்தர வேண்டிய கடமை அலுவலருக்கு இல்லை என்பதை 2011இல் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியிருக்கிறது. இது தெரியாமல் அவர்கள் முதல் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். அதை முடிக்க மேல்முறையீட்டு அலுவலருக்கு முப்பது நாள் உண்டு, காரணம் எழுதினால் நாற்பத்தைந்து நாள் வரை நீட்டிக்கலாம். அதன்பின் தகவல் ஆணையத்தில் இரண்டாவது மேல்முறையீடு. அங்கே முடிவுக்குக் காலவரம்பே கிடையாது. இதற்கிடையில் ஒப்பந்ததாரர் சும்மா இருப்பாரா? அடித்தளம் போட்டு, தூண் எழுப்பி, முதல் தளத்துக்குக் கம்பி கட்டும் வேலையும் தொடங்கிவிட்டார்.

அதே பத்து ரூபாயில் அவர்கள் கேட்டிருக்க வேண்டியவை வேறு. அந்த மனைப்பிரிவின் எண்ணையும் சர்வே எண்ணையும் குறிப்பிட்டு, அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகல், வணிக வளாகத்துக்கு ஒப்புதல் தந்த மன்றத் தீர்மானத்தின் நகல், திட்ட மதிப்பீடு, பணி ஆணை, இவை அடங்கிய கோப்பின் குறிப்புப் பக்கங்கள் ஆகியவற்றைக் கேட்டிருக்கலாம். இவை எல்லாமே அலுவலக அலமாரியில் இருக்கும் தாள்கள். "தகவல் இல்லை" என்று எழுதி எவரும் தட்டிக்கழிக்க முடியாது. இவற்றில் கோப்புக் குறிப்புகளை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். "ஏன்" என்ற கேள்விக்கு விடை உண்மையில் அங்கேதான் இருக்கிறது. இளநிலை உதவியாளர் தொடங்கி ஆணையர் வரை ஒருவர் எழுதியதன் கீழ் அடுத்தவர் எழுதிக் கையெழுத்திட்டுப் போகும் பக்கங்கள் அவை. யார் பரிந்துரைத்தார், யார் தயங்கினார், எந்த ஆட்சேபம் எவ்வாறு கடந்துபோனது என்பதெல்லாம் அவற்றில் தெரியும். பதிவான கருத்தும் ஆலோசனையும் தகவல்தான் என்று அதே 2(எஃப்) பிரிவு சொல்கிறது.

நகல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. கோப்பை நேரில் பார்வையிட அனுமதி கேட்கலாம். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. அந்தச் சங்கத்தினரும் கடைசியில் அப்படித்தான் போனார்கள், நானும் உடன் போயிருந்தேன். நாடாவை அவிழ்த்துப் பச்சை மையிலும் நீல மையிலும் எழுதியிருந்த குறிப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு வந்தபோது, நில அளவைப் பிரிவின் ஒரு குறிப்பு கண்ணில் பட்டது: மேற்படி இடம் அனுமதிக்கப்பட்ட வரைபடத்தில் பூங்காவாகக் காட்டப்பட்டுள்ளது, உரிய தெளிவுரை பெறலாம். அதற்கு அடுத்த குறிப்பு மதிப்பீட்டுத் தொகையைப் பற்றியது. தெளிவுரை பெறப்பட்டதாக எங்கும் இல்லை. முதல் மாதமே இந்த ஒரு பக்கத்தின் நகல் கையில் இருந்திருந்தால், தூண் எழுவதற்கு முன்பே உயர் நீதிமன்றத்தில் தடை கேட்டிருக்கலாம். பொதுப் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தை வேறு பயனுக்குத் திருப்ப முடியாது என்பதும், அதைக் கேட்கும் உரிமை அப்பகுதி வாசிகளுக்கு உண்டு என்பதும் பெங்களூரில் ஒரு பூங்கா நிலம் தனியார் மருத்துவமனைக்குத் தரப்பட்ட வழக்கில் 1991இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டவை. சட்டம் நம் பக்கம் இருந்தும் கேள்வியின் வடிவத்தால் மாதங்களை இழப்பதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

"ஏன்" என்று கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதற்குரிய இடம் பகுதி சபை. கோப்பு நகலைக் கையில் வைத்துக்கொண்டு, நில அளவைப் பிரிவு கேட்ட தெளிவுரை ஏன் பெறப்படவில்லை என்று கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். அதே கேள்விக்கு அப்போது கிடைக்கும் மௌனமே வேறு விதமாக இருக்கும்.

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்காகக் காத்திருப்பது

பெரிய குடியிருப்பு வளாகம் வருகிறது என்றால் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும், அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று சில சங்கங்கள் நம்பியிருக்கின்றன. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டும் திட்டங்களுக்கு முன் அனுமதியைக் கட்டாயமாக்கினாலும், கட்டடத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. அந்தக் கூட்டம் நடக்கப்போவதில்லை. அனுமதிக் கடிதத்தில் விதித்த நிபந்தனைகளையும், கட்டுநர் ஆண்டுக்கு இருமுறை தர வேண்டிய அறிக்கையையும் எடுத்துப் படிப்பதே பலன் தரும். தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவுநீர் எங்கே போகும் என்பதற்கு அவர்கள் எழுத்தில் கொடுத்த உறுதிமொழி அவற்றில் இருக்கும்.

திறந்தவெளி நிலத்தின் தானப் பத்திரத்தைத் தேடாமல் இருப்பது

10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தை மேம்படுத்துபவர், சாலை நீங்கலான பரப்பில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தானப் பத்திரம் மூலம் ஒப்படைத்தாக வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலத்துக்குப் பதில் பணமாகச் செலுத்த வழி உண்டு. உங்கள் பகுதியில் நிலம் காணவில்லை என்று சண்டைக்குப் போகுமுன் எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பத்திரம் பதிவானதா என்பதை அறியத் தகவல் மனுகூடத் தேவையில்லை. வில்லங்கச் சான்றில் பதிவு தெரியும், சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலும் கிடைக்கும்.

கையெழுத்துகளை எண்ணிக்கொண்டிருப்பது

ஐந்நூறு கையெழுத்தைவிட ஒரு சர்வே எண் மேலானது.

வாய்மொழி உறுதியை நம்புவது

கூட்டக் குறிப்பில் ஏறாத உறுதிமொழிக்கு மதிப்பில்லை; குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

நில உபயோக மாற்ற அறிவிப்பைத் தவறவிடுவது

குடியிருப்பு வகைப்பாட்டில் இருந்த நிலத்தை வணிக வகைப்பாட்டுக்கு மாற்றக் கோரினால், ஆட்சேபம் தெரிவிக்கச் சொல்லி நாளிதழில் சிறு எழுத்தில் ஓர் அறிவிப்பு வெளியாகும். அதில் ஊர்ப் பெயரும் சர்வே எண்ணும்தான் இருக்குமே தவிர, உங்கள் தெருப் பெயரோ, பால் கடைக்குப் பின்புறம் இருக்கும் காலி மனை என்ற அடையாளமோ இருக்காது. கண்முன்னே அச்சாகியும் அதை எவரும் கவனிக்காமல் போவது இதனால்தான். சங்கத்தில் ஒருவர் உங்கள் பகுதியின் காலி நிலங்கள் அனைத்துக்கும் சர்வே எண்களை வருவாய்த் துறையின் இணையதளத்தில் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளட்டும். கெடு முடிந்த மறுநாள் கொண்டுபோகும் ஆட்சேபத்தை வாங்கிக்கொள்வார்கள், ஒப்புகைச் சீட்டும் தருவார்கள். பரிசீலிக்க வேண்டிய கட்டாயம் மட்டும் அவர்களுக்கு இருக்காது.