வெள்ளத்தில் போன வெள்ளாமை: நட்டத்தில் உங்கள் பங்கு எவ்வளவு?

இலங்கையில் நெல்லுக்கான அரசின் இலவசக் காப்புறுதிக்குக் கட்டுப்பணம் இல்லை. ஆனாலும் நட்டத்தில் ஒரு பங்கு விவசாயி தலையில்தான் விழும். 2024 நவம்பர் வெள்ளத்துக்கு அறிவிக்கப்பட்ட உச்சத்தொகை ஏக்கருக்கு 40,000 ரூபா. உழவு, விதைநெல், உரம், கூலி என்று ஏக்கருக்கு 90,000 போட்டிருந்தால், அந்த உச்சத்தொகைப்படி முழு அழிவிலும் 50,000 உங்களுடையது; மூன்று ஏக்கருக்கு ஒன்றரை இலட்சம். காப்புறுதி இருக்கிறதே என்று நகையை அடகு வைக்க முன் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

விதைத்ததும், விவசாயிகளுக்கான அரச அலுவலகமான கமநல சேவை நிலையத்தில் உங்கள் வயலின் பதிவைச் சரிபாருங்கள். குத்தகைக் காணியென்றால் யார் பெயரில் பதிவு, யார் வங்கிக் கணக்கு என்பதை அப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளத்துக்குப் பிறகு அது சண்டையாகத்தான் முடியும்.

மட்டக்களப்பின் உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறந்து வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) தண்ணீர் ஏறினால், வடியும்வரை காத்திராமல் படம் எடுங்கள். வரம்போ மரமோ மதகோ படத்தில் தெரிய வேண்டும். வெறும் தண்ணீரைப் பார்த்து யாருடைய வயல் என்று எவராலும் சொல்ல முடியாது. வட்டைக்குப் பொறுப்பான வட்டவிதானைக்கும் கமநல நிலையத்துக்கும் அன்றே எழுத்தில் அறிவித்து, பிரதியை வைத்திருங்கள். மறுவிதைப்புக்கு அவசரப்பட்டு முழுவதையும் உழுதுவிட்டால் பார்க்க வருபவருக்கு அழிவு தெரியாது. பரிசோதனை முடியும்வரை ஒரு வரவையாவது (வரம்புகளுக்கு இடைப்பட்ட ஒரு வயல் துண்டையாவது) அப்படியே விட்டுவையுங்கள்.