உந்துபொருள் இல்லாத உந்துவிசை: எங்கே கோட்டை விடுகிறோம்?

எதையும் பின்னால் பீய்ச்சாமல் விண்கலம் நகரும் என்றாலே கட்டுக்கதை என்று ஒதுக்கிவிடுகிறோம். அதுதான் முதல் தவறு. 2010-இல் ஜப்பான் ஏவிய இகாரோஸ், 14 மீட்டர் பக்கம் கொண்ட மெல்லிய பாயில் சூரிய ஒளியை வாங்கியே சுமார் 1.1 மில்லிநியூட்டன் விசை பெற்றது. பூமியின் காந்தப்புலத்தில் நீளமான கம்பி வழியே மின்னோட்டம் செலுத்தியும் சுற்றுப்பாதையை மாற்றலாம். இவற்றுக்கு உந்தம் (நிறையையும் வேகத்தையும் பெருக்கிய அளவு) வெளியிலிருந்து கிடைக்கிறது. மூடிய பெட்டிக்குள் ஏதோ நடந்து பெட்டி தானாக நகர்கிறது என்னும்போதுதான் வில்லங்கம்; அங்கே உந்தம் தர வெளியே எதுவும் இல்லை. இரண்டையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள்.

அடுத்தது, கருவி அசைந்தாலே விசை என்று நம்பிவிடுவது. பிரிட்டிஷ் பொறியாளர் ரோஜர் ஷாயரின் 'எம்டிரைவ்' ஒரு மூடிய உலோகக் கூம்பு, உள்ளே நுண்ணலைகள்; எதையும் வெளியே விடாமலே அது தள்ளும் என்பது அவர் வாதம். 2016-இல் நாசா ஆய்வுக்குழு ஒன்று, வெற்றிடத்தில் கிலோவாட்டுக்கு 1.2 மில்லிநியூட்டன் கிடைத்ததாகக் கட்டுரை வெளியிட்டது. பிறகு ஜெர்மனியின் டிரெஸ்டன் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் டாஜ்மார் குழு ஒரு காரியம் செய்தது. கூம்புக்குள் போகும் சக்தியை மட்டும் பெருமளவு குறைத்துவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே ஓட்டினார்கள். 'விசை' குறையவே இல்லை! மின்கம்பிகளில் ஓடும் மின்னோட்டம் பூமியின் காந்தப்புலத்தோடு வினைபுரிவதே காரணமாக இருக்கலாம் என்றார்கள். நாசா கண்ட விசைக்கும் 2021-இல் டாஜ்மார் குழுவே விளக்கம் தந்தது: கருவி சூடாகும்போது, விசையை அளக்கும் தராசில் அதைப் பிடித்திருக்கும் பாகங்கள் லேசாக வளைந்து, தராசின் பூஜ்ஜியப் புள்ளியே நகர்கிறது. தொங்கவிடும் முறையை மாற்றியதும் விசை காணாமல் போனது. இவ்வளவு பொறுமையாகப் பிழையைத் தேடிய உழைப்புக்கு இன்னும் கூடுதல் மரியாதை தர வேண்டும்.

விசையே உறுதியாகாத நிலையில், வெற்றிடத்திலும் இருக்கும் நுண்ணிய ஆற்றல் அலைவுகளைக் கருவி தள்ளுகிறது ('குவாண்டம் வெற்றிடம்') என்று விளக்கம் தேடுவது வீண்.

அப்புறம் ஆற்றல் கணக்கு. ஒளியை மட்டும் பின்னால் உமிழ்ந்தால் கிலோவாட்டுக்கு 3.3 மைக்ரோநியூட்டன், அதாவது 0.0033 மில்லிநியூட்டன்தான் கிடைக்கும். எம்டிரைவுக்குச் சொன்ன 1.2 மில்லிநியூட்டன் எந்த வேகத்திலும் மாறாது என்று வையுங்கள். நொடிக்குச் சுமார் 830 கிலோமீட்டரைத் தாண்டியதும், கொடுக்கும் சக்தியைவிடக் கலம் பெறும் சக்தி அதிகமாகிவிடும். ஓசியில் ஆற்றல்! பலர் இந்தக் கணக்கைப் போட்டே பார்ப்பதில்லை.

சரி, விண்வெளியில் சோதித்தால் தெரிந்துவிடுமே என்கிறார்கள். தாழ்வான சுற்றுப்பாதையில் மெல்லிய காற்றின் இழுவை, சூரிய ஒளியின் அழுத்தம் எல்லாமே இதே மாதிரி சிறு விசைகள்தான். அங்கேயும் கருவியைத் திருப்பி வைத்தும், அதே சக்தியை வெறும் மின்தடைக்குக் கொடுத்தும் ஒப்பிட்டே ஆக வேண்டும்.