அமெரிக்க முள்பனைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நடு அமெரிக்காவிலிருந்து அமேசான் காடுகள் வரை பாக்ட்ரிஸ், ஆஸ்ட்ரோகாரியம், அக்ரோகோமியா, அய்ஃபனீஸ், டெஸ்மான்கஸ் என்னும் ஐந்து பேரினங்கள் முள்ளுக்குப் பேர்போனவை. முள்ளைக் கண்டதும் இவற்றை ஈச்ச மரத்தோடும் ஆசியப் பிரம்போடும் ஒரே இனமாகச் சேர்த்துவிடுவது முதல் தவறு. இவை ஐந்தும் தென்னையின் உறவுகள். கொட்டையின் கெட்டியான ஓட்டில் தேங்காய்க்கு இருப்பது போன்ற கண்கள் இருப்பதே அதற்குச் சாட்சி. டெஸ்மான்கஸ் பிரம்பைப் போலவே கொடியாக ஏறினாலும், ஓலை நுனியின் சிற்றிலைகள் கொக்கிகளாக உருமாறியே அதற்குப் பிடிப்பைத் தருகின்றன.

கோஸ்டாரிகாவில் பெஹிபாயே என்றும், கொலம்பியாவில் சொந்தாதூரோ என்றும், பிரேசிலில் புப்புன்யா என்றும் வழங்குவது ஒரே பாக்ட்ரிஸ் மரத்தின் பழம். செக்கச்செவேலென்று கனிந்திருக்கிறதே என்று அதைப் பச்சையாகக் கடித்துவிடக் கூடாது. சேனைக்கிழங்கில் இருப்பது போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இதிலும் இருப்பதால் நாக்கும் தொண்டையும் அரிக்கும். புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருளும் உண்டு. உப்பு நீரில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வேகவைத்தால்தான் அது உணவு.

இம்மரத்தின் தண்டைக் கிட்டே நின்று பார்த்தால், ஓலை உதிர்ந்த தழும்புகள் வழுவழுப்பான வளையங்களாகவும், அவற்றின் இடைப்பகுதிகள் ஊசி போன்ற கருமுட்களால் அடர்ந்தும் தெரியும். அந்த வளையங்களை நம்பிக் கை வைப்பது ஆபத்து. முள் தைத்தபின் புண் ஆறிவிட்டது என்று விட்டுவிடுவதும் தவறு; ஒடிந்த நுனி மூட்டுக்குள் தங்கிவிட்டால், வாரங்கள் கழித்தும் வீக்கமும் வலியும் தொடரும்.

எல்லாவற்றிலும் வருந்தத்தக்க தவறு, குருத்தோலைக்காக மரத்தையே வெட்டிச் சாய்ப்பது. பனாமாவின் டாரியன் பகுதியில் எம்பெரா, வௌனான் என்னும் பழங்குடிகளின் பெண்கள், சுங்கா எனப்படும் ஆஸ்ட்ரோகாரியம் பனையின் குருத்தோலையைக் கிழித்து, உலர்த்தி, சாயமேற்றி, நீர்கூட ஒழுகாத அளவுக்கு நெருக்கமாகக் கூடை முடைகிறார்கள். முள்ளடர்ந்த அந்தத் தண்டில் ஏற முடியாது என்பதற்காக, பல ஆண்டுகள் வளர்ந்த மரத்தை ஓரிரு குருத்தோலைகளுக்காகச் சாய்த்தால் அடுத்த ஆண்டு முடைய ஓலைக்கு எங்கே போவது? நீண்ட கழியின் நுனியில் வளைந்த கத்தியைக் கட்டித் தரையில் நின்றபடியே ஓலையை அறுக்கலாம். விரிந்த ஓலைகளை விட்டுவைத்தால் மரம் மீண்டும் குருத்து விடும்.

குருத்தோலையை எடுப்பதும் உண்பதற்காக உள்குருத்தையே வெட்டுவதும் ஒன்றல்ல என்பதையும் இங்கே பிரித்தறிய வேண்டும். பனைக்கு வளர்முனை ஒன்றுதான். அது போனால் அந்தத் தண்டு பட்டுப்போகும். பெஹிபாயே அடியில் பக்கக்கன்றுகள் விடுவதால், ஒரு தண்டை உள்குருத்துக்காக வெட்டினாலும் தூர் பிழைத்துக்கொள்கிறது. சுங்காவோ ஒற்றைத் தண்டு மரம். ஆகவே பெஹிபாயேத் தோட்டத்தில் பழகிய முறையைச் சுங்காவிடம் ஒருபோதும் காட்டக் கூடாது.