வீட்டு விதைய வச்சுக்கலாமா, விக்கலாமா? பாகூர், கடலூர் பக்கம் நெல் போடறவங்களுக்கு

நம்ம கொல்லையில வெளஞ்ச நெல்லையே விதைக்கு எடுத்து வச்சா கம்பெனிக்காரன் கேஸ் போடுவானா, பக்கத்து கொல்லைக்காரருக்கு ரெண்டு மரக்கா குடுத்தா தப்பான்னு பாகூர், நெட்டப்பாக்கம், இந்தப் பக்கம் குறிஞ்சிப்பாடி, காட்டுமன்னார்கோயில் வரைக்கும் யாரப் பாத்தாலும் கேக்கறாங்க. நேரா சொல்லிடறேன், தப்பே இல்ல. 2001ல வந்த பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்துல 39வது பிரிவு இருக்கு, அதுல விவசாயி விதைய எடுத்து வைக்கலாம், விதைக்கலாம், திரும்ப விதைக்கலாம், மாத்திக்கலாம், சும்மா குடுக்கலாம், காசுக்கும் விக்கலாம்னு தெளிவா போட்டிருக்கு, அந்த ரகத்த ஒரு கம்பெனி தன் பேர்ல பதிஞ்சு வச்சிருந்தாலும் சரி. கூடாதுன்னு சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், அந்தப் பதிஞ்ச ரகத்தோட பேர போட்டு லேபிள் ஒட்டி பாக்கெட் கட்டி பிராண்ட் விதையா விக்கக்கூடாது. 2019ல தன் பேர்ல பதிஞ்ச உருளைக்கிழங்கு ரகத்த போட்டாங்கன்னு குஜராத் விவசாயிங்க மேல பெப்சிகோ கேஸ் போட்டு சில பேர்கிட்ட ஆளுக்கு ஒரு கோடிக்கு மேல கேட்டுச்சு, நாடு பூரா சத்தம் கெளம்பின உடனே அதே வருஷம் வாபஸ் வாங்கிடுச்சு. அப்பவும் விவசாயிங்க பக்கம் எடுத்துக் காட்டினது இந்த 39வது பிரிவைத்தான்.

இன்னொரு சட்டம் 1966 விதைச் சட்டம். அதுல 24வது பிரிவு, நீங்களே வெளைய வச்ச விதைய உங்க எடத்துல வச்சு நேரா இன்னொரு விவசாயிக்கு விதைக்கறதுக்குக் குடுத்தா அந்தச் சட்டம் உங்கள தொடாதுங்குது. கடை போட்டு நாலு பேர்கிட்ட வாங்கி விக்கறது வேற கதை, அதுக்கு லைசன்ஸ் வேணும்.

வெளியில விதை வாங்கறவங்க ஒண்ணு பண்ணுங்க, பாக்கெட்ட கிழிச்சு வரப்புல எறியாதீங்க. பில்லு, பாக்கெட், உள்ள இருக்கற அட்டை, கூடவே ஒரு கைப்பிடி விதை எல்லாத்தையும் அறுப்பு முடியற வரைக்கும் வச்சிருங்க. பதிஞ்ச ரகம் சொன்ன மாதிரி வெளையலன்னா நஷ்டஈடு கேக்க அதே 39வது பிரிவுல வழி இருக்கு, ஆனா கையில காயிதம் இல்லன்னா யார்கிட்ட போய் என்னத்த பேசறது.

சரி, சட்டம் நம்ம பக்கம் இருக்கு, விதை நம்மகிட்ட இருக்கா? என்னக் கேட்டா நம்ம ஊர்ல நாட்டு விதை போனது பாதி கலப்படத்தாலதான். மாப்பிள்ளை சம்பான்னு வாங்கிட்டு வந்து நட்டா வயல்ல மூணு ஒசரத்துல நிக்குது, மூணு தினுசு கதிர் வருது, அடுத்த வருஷம் அதையே விதைச்சா அது எந்த ரகம்னு யாருக்கும் தெரியாது.

மொதல்ல, வீரிய ஒட்டு ரகத்துல, அதாவது ஹைபிரிட்ல, விதை எடுக்காதீங்க, எடுக்கக்கூடாதுன்னு இல்ல, எடுத்தா பிரிஞ்சி போயி கண்டபடி வரும். நாட்டு ரகமோ ஆராய்ச்சி நிலையம் விட்ட சாதா ரகமோன்னா தாராளமா எடுக்கலாம். விதைக்குன்னு சம்பா பட்டம்தான் நல்லது, தை மாசம் அறுப்பு வரும், காயப்போட மாசி வெயில் கெடைக்கும், சொர்ணவாரியில, அதாவது சித்திரைப் பட்டத்துல, அறுப்பு நேரத்துல மழை புடிச்சா களத்துலயே மொளச்சிடும்.

மொத்த வயலையும் விதைக்குன்னு பாக்க வேணாம், நடுவுல ஒரு 5 சென்ட் ஒதுக்குங்க, ரெண்டு ஏக்கர் நாத்துக்கு தாராளமா வரும். பக்கத்து வயல்ல வேற ரகம் இருந்தா அந்த ஓரத்துல ஒரு 3 மீட்டர் தள்ளி எடுங்க, வரப்போர வரிசைய விதைக்கு சேக்கவே சேக்காதீங்க. பூக்கற சமயத்துல ஒரு தடவ, கதிர் பழுக்கறப்ப ஒரு தடவ வெடியக்காலையில எறங்கி கலவன் புடுங்கணும். ஒசரமா தனியா நிக்கறது, முந்தி பூத்தது, மூக்குல மீசை வச்சது, நெல்லு நெறம் மாறினது எல்லாம் வேரோட வெளிய. கதிர மட்டும் கிள்ளிட்டு வந்தா பத்தாது, பக்கத்துத் தூர்ல இருந்து திரும்பவும் கதிர் தள்ளும்.

அறுப்பு மெஷின்தான் பெரிய வில்லன். முந்தின நாள் வேற ஊர்ல வேற நெல்லு அறுத்துட்டு வந்த வண்டி, டேங்க்லயும் உள்ள ஸ்க்ரூலயும் அந்த நெல்லு உக்காந்திருக்கும், டிரைவர் துடைச்சிட்டேன்னு சொல்லுவாரு, நம்பாதீங்க. அந்த 5 சென்ட கையால அறுத்து கல்லுல அடிச்சிடுங்க. காயப்போட தார் ரோடு வேணாம், சூடும் ஜாஸ்தி, பக்கத்துல காயறவன் நெல்லும் சேந்துக்கும். தார்ப்பாய்ல காலை வெயில், சாயந்தர வெயில் மட்டும் காட்டி உச்சி வெயில்ல குவிச்சு மூடி வைங்க, மூணு நாலு நாள்ல பல்லுல கடிச்சா டக்குனு ஒடையும், நசுங்கினா இன்னும் காயல. ஈரம் 13 சதவீதத்துக்கு மேல இருக்கக்கூடாதுங்கறது கணக்கு.

மூட்டை கட்டறதுக்கு சணல் சாக்கோ துணிப் பையோ போதும். காத்து போகாத பிளாஸ்டிக் டிரம்ல போடணும்னா அதவிட நல்லா காஞ்சிருக்கணும், இல்லன்னா உள்ளயே வேத்து புழுங்கி மொளப்பு செத்துடும். நெழல்ல காஞ்ச நொச்சி எல, வேப்பெல, கொஞ்சம் வசம்புத் தூள் கலந்துட்டா அந்துப்பூச்சி கம்மியாகும். அமாவாசைக்கு அமாவாசை எடுத்து வெயில்ல போடறது நம்ம பெரியவங்க வழக்கம், அமாவாசைக்கு விசேஷம் இருக்கோ இல்லையோ மாசம் ஒரு தடவ மூட்டைய பிரிச்சு பாக்கறோம்ல, அதுவே பெரிசு. சாக்குக்குள்ள ஒரு அட்டையில ரகம் பேரு, எந்த வயல், அறுத்த தேதி எழுதிப் போடுங்க, வெளிய எழுதினா அழிஞ்சிடும்.

விதைக்கறதுக்கு ரெண்டு வாரம் முந்தி 100 நெல்ல எண்ணி ஈர சாக்குல சுத்தி வைங்க, 80க்கு மேல மொளச்சா சரி. அறுத்த உடனே இத செஞ்சு பாத்துட்டு பயந்துடாதீங்க, நெறைய நாட்டு ரகம் அறுத்த கையோட மொளைக்காது, கொஞ்ச காலம் தூங்கும். அப்புறம் உப்புத் தண்ணி. 10 லிட்டர் தண்ணியில சுமாரா ஒன்னரை கிலோ கல் உப்பு கரைச்சு ஒரு நல்ல முட்டைய போடுங்க, ரூபா நாணயம் அளவுக்கு மேல தெரியற மாதிரி மெதந்தா பதம். முட்டைய எடுத்துட்டு விதைய கொட்டி, மெதக்கற பதரு, அரைவெளச்சல் எல்லாத்தையும் வாரிடுங்க. அடியில இருக்கறத நல்ல தண்ணியில ரெண்டு மூணு தடவ அலசணும், உப்பு இருந்தா மொளப்பு போயிடும்.

காய்கறியில கத்தரி சுலபம். நல்ல செடியில ரெண்டாவது மூணாவது காய்ப்புல ஒரு காய விட்டுடுங்க, மஞ்சளா பழுத்து தொவண்டதும் எடுத்து விதைய கசக்கி அலசி நெழல்ல காயப் போடணும். பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் விட்ட கத்தரியும் பக்கத்துல போட்டிருந்தா தேனீ மாத்திடும், நல்லா தள்ளிப் போடுங்க.

நாட்டு நெல்லுக்கு யூரியா போடாதீங்கன்னு சொன்னா சிலர் இயற்கை விவசாயப் பிரச்சாரம்னு நெனைக்கறாங்க, அதெல்லாம் இல்ல. மாப்பிள்ளை சம்பா, காட்டுயானம் எல்லாம் ஆள் ஒசரம் போற பயிரு, யூரியா தூவினா தாள் தளதளன்னு வளந்து வடகிழக்கு மழைக்காத்துல படுத்துக்கும், படுத்த பயிர்ல விதை எங்க எடுக்கறது. நடவுக்கு முந்தி பசுந்தாள் உரத்துக்கு தக்கைப்பூண்டு விதை தெளிச்சு பூ எடுக்கற சமயத்துல, சுமாரா 45 நாள்ல, மடக்கி உழுதுட்டாலே இந்த ரகத்துக்கு பெரும்பாலும் போதும், சாணி, கோமியம், வெல்லம் எல்லாம் கரைச்சு புளிக்க வச்ச ஜீவாமிர்தம் விடறவங்க அதையும் விட்டுக்கலாம்.

உங்க வீட்டுல தலைமுறையா வச்சிருக்கற ரகம் வேற எங்கயும் இல்லன்னு தோணிச்சுன்னா அத உழவர் ரகமா பதியலாம், டெல்லியில இருக்கற பயிர் ரகப் பாதுகாப்பு ஆணையத்துல, விவசாயிக்கு பதிவுக் கட்டணம் கெடையாது, நெல்லு மாதிரி பயிருக்கு 15 வருஷம் வரைக்கும் பாதுகாப்பு. விண்ணப்பத்துக்கு விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்துலயோ, புதுச்சேரிக்காரங்கன்னா குரும்பாப்பேட்டுல இருக்கறதுலயோ போய் கேளுங்க. போறப்ப கதிர், நெல்லு, அரிசி மூணையும் எடுத்துட்டு போங்க, பூத்த நாளு, அறுத்த நாளு, பயிர் ஒசரம் ஒரு நோட்டுல எழுதி வச்சிருந்தா வேலை பாதி முடிஞ்சுது.

கடைசியா, ஒரே வீட்டுல வச்ச விதை ஒரு வெள்ளத்துல போயிடும், 2011 தானே புயல், 2015 வெள்ளம் ரெண்டும் நம்ம மாவட்டம் பாத்ததுதான். அதனால வேற வேற ஊர்ல இருக்கற ரெண்டு மூணு பேர்கிட்டயாவது பிரிச்சுக் குடுங்க. நாட்டு நெல் ரகங்கள தேடி மீட்டு 2018ல காலமான நெல் ஜெயராமன் ஐயா, திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவுல 2 கிலோ குடுத்துட்டு அடுத்த வருஷம் 4 கிலோவா திருப்பிக் கேட்டுட்டு இருந்தாரு, அதே கணக்குல நீங்களும் குடுக்கலாம், கூடவே ஒரு கண்டிஷன் போட்டுக்குங்க, திருப்பித் தர்றது கையால அறுத்த நெல்லா இருக்கணும், மெஷின் நெல்லு வாங்க மாட்டேன்னு.